ஒன்பதாம் கூட்டில் என்ன எழுதுவது

டோட்முண்ட்
09.02.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஒன்பது வருடத்துக்குப் பிறகு உங்களுக்கு எழுதுகிறேன். வட்சப்பில் என்னை இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் அலுவலக மின்னஞ்சலைத் தேடிப்பிடித்தேன். பயப்படாதீர்கள், கெட்ட செய்தி ஒன்றுமில்லை.

போன ஆடியில் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து எட்டு நாள் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தேன். "தேத்தண்ணி போடட்டோ?" என்று நீங்கள் கேட்டீர்கள். "வேண்டாம்" என்றேன். எட்டு நாளுக்கும் அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. திரும்பி வரும்போது விமானத்தில் இருந்து அதை நினைத்து அழுதேன். என் அம்மாவை இருபத்தைந்து வருடம் பார்த்தது நீங்கள். பெற்ற மகள் நான் காசு மட்டும் அனுப்பினேன்.

அதுதான் யோசித்தேன். ஜூன் மாதம் கிரேக்கத்தில் ஒரு சின்னத் தீவில் கடற்கரை விடுதி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் கொழும்பில் இருந்து ஏதன்ஸுக்கு வாருங்கள், நான் இங்கிருந்து வருகிறேன். சும்மா ஒரு கிழமை. சமையல் இல்லை, கோப்பை கழுவுவது இல்லை. வெயிலில் சாய்கதிரையில் படுத்துச் சும்மா கடலைப் பார்ப்போம். விமான ரிக்கற், விடுதி எல்லாம் என் பொறுப்பு. விசாவுக்கு அழைப்புக் கடிதமும் நானே தருவேன்.

நடந்ததைக் கிளறவேண்டாம். 2016இல் அந்தச் சத்தியக்கடதாசிப் பிரச்சினையில் நான் சொன்ன சொற்கள் கூடிப்போயின. அண்ணா காணாமல்போய்ப் பதினேழு வருடம் ஆகியும், மரணச் சான்றிதழ் எடுக்க நீங்கள் ஒரு கையெழுத்து வைக்கவில்லையே என்ற கோபம் எனக்கு. அந்தக் கடதாசியை நீங்களே தட்டினீர்கள், நீங்களே கையெழுத்து வைக்க மறுத்தீர்கள். "என்ர அண்ணாவைச் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் வச்சிருக்கிறியள்" என்று அம்மாவுக்கு முன்னாலேயே கத்தினேன். மன்னித்துவிடுங்கள்.

கடவுச்சீட்டுப் பிரதியை அனுப்புங்கள். வரும்போது உங்கள் கல்யாணப் படம் ஒன்றையும் கொண்டுவாருங்கள். சும்மாதான் கேட்கிறேன், என்னிடம் ஒன்றும் இல்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை அண்ணி. சும்மா.

அன்புடன்,
நிரோஷா


வெள்ளவத்தை
16.02.2025

நிரோஷாவுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒருதரம் உன் அண்ணியாக. மற்றத்தரம், புதுக்கடை நீதிமன்றத் தெருவில் இருபத்தைந்து வருடமாகச் சட்டத்தரணிக்கு வழக்குக் கடதாசி தட்டிக்கொடுக்கிறவளாக. முதல் வாசிப்பில் கண் கலங்கியது உண்மை. இரண்டாம் வாசிப்பில் காய்ந்துவிட்டது. 'சும்மா' என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. சும்மா செய்கிற காரியத்துக்கு ஒருவரும் நான்குதரம் சும்மா என்று எழுதமாட்டார்கள்.

முதலில் கடல். எனக்குக் கடல் பார்க்க ஆசை என்று உனக்கு யார் சொன்னது? கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினால் மூன்று நிமிடத்தில் தண்டவாளம், அதைத் தாண்டினால் வெள்ளவத்தைக் கடல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கற்களில் இருந்தவள் நான். "கடல்ல போனவன் கடலாலதான் வருவான்" என்று அவ சொல்லுவா. நான் குடையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

சரி, வெளிநாட்டுக் கடல்தான் வேண்டுமென்றால் எத்தனை கடல் இருக்கிறது? உன் ஊர் ஆட்கள் ஸ்பெயினுக்குப் போகிறார்கள், துருக்கிக்குப் போகிறார்கள். நீ தேடி எடுத்தது கிரேக்கம். உன் அண்ணன் கடைசியாகத் தொலைபேசி எடுத்த நாடு. 1999 ஐப்பசியில் ஏதன்ஸில் இருந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு எடுத்து, "நாளைக்கு இத்தாலிக்குப் படகு" என்றார். அதற்குப் பிறகு தகவல் இல்லை என்றுதான் ஊருக்கெல்லாம் தெரியும். அந்த நாட்டுக்கு என்னை இளைப்பாறக் கூப்பிடுகிறாய். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான்.

கடற்கரையில் ஐயரைக் கொண்டுவந்து அந்தியேட்டி செய்து என் பொட்டை அழிக்கிற ஏற்பாடு என்றால் இப்போதே சொல்லிவிடு. 2016இல் கடதாசியால் முடியாததை இப்போது கடல் தண்ணீரால் செய்யப் பார்க்கிறாயோ? கல்யாணப் படம் உனக்கு எதற்கு? மாலை போடவா?

அதுவும் ஏதன்ஸில் இருந்து ஐந்தரை மணித்தியாலம் கப்பலில் குலுங்கிப்போய், காற்றடித்தால் அந்தக் கப்பலும் ஓடாத ஒரு இடத்தில் படுத்துக்கிடப்பதற்குப் பெயர் ஓய்வா?

ஆனாலும் நான் இல்லை என்று சொல்லவில்லை. காலி வீதியில் ஒரு பயண முகவர் கடைக்குப் போனேன். றொசானா என்றொரு பிள்ளை படிவத்தைக் கடகடவென்று நிரப்பினாள். திருமண நிலை கேட்கிற ஒன்பதாம் கூட்டில் நின்றாள்.

"அன்ரி, மெரிட்டா, விடோவா?"

"அதை விட்டுட்டு மிச்சத்தை நிரப்பு பிள்ளை."

"விட ஏலாது அன்ரி. ஏதாவது ஒண்டில கட்டாயம் அடையாளம் போடோணும்."

படிவத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விடுதியின் முழு விபரத்தையும் அனுப்பு. தொலைபேசி எடுக்காதே. எனக்கு எழுத்தில் வேண்டும். கதைத்தால் குரலை மாற்றலாம், எழுதினால் எழுதியதுதான்.

இப்படிக்கு,
திருமதி சு. லோகேஸ்வரன்


டோட்முண்ட்
22.02.2025

அன்புள்ள அண்ணிக்கு,

திருமதி லோகேஸ்வரன் என்று கையெழுத்து வைத்து எனக்கு எழுதுகிறீர்களே, நான் என்ன வங்கி மனேஜரா?

ஐயரும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. என் மகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன். மாலையும் இல்லை.

கிரேக்கம் ஏன் என்றால், என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற சபினே போன கோடையில் போய்வந்தாள். நக்சோஸ் என்று ஒரு தீவு. விடுதியின் பெயரைத் தமிழில் சொன்னால் நீலமுனை. அவள் கொண்டுவந்த கையேட்டை உங்களுக்காக ஸ்கேன் பண்ணி இணைத்திருக்கிறேன். ஜெர்மன் மொழியில் இருக்கிறது, படத்தைப் பாருங்கள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலில் இறங்கினால் மணல். காலையில் தயிரும் தேனும் தருவார்கள். வெள்ளிக்கிழமை உங்களுக்கு மரக்கறி வேண்டுமென்றால் கத்தரிக்காயையே நாலு விதமாகச் சமைப்பார்களாம். நீச்சல் உடுப்புப் போடச்சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள். பஞ்சாபிச் சட்டையோடு முழங்கால் வரை நனைந்துவிட்டு வரலாம்.

நானும் ஒன்று கேட்கவேண்டும், கோபிக்கக்கூடாது. ஒன்பதாம் கூட்டில் நிற்பதற்கு வேறு காரணம் ஏதும் இருக்கிறதா? இங்கே டோட்முண்டில் இருக்கிற சுரேகா போன மாதம் கொழும்புக்கு வந்தபோது வெள்ளவத்தைச் சந்தையில் உங்களைக் கண்டாளாம். தயாபரன் என்று ஒருவர் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாராம். அப்படி ஏதும் என்றால் சொல்லிவிடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பயணத்துக்கு முதல் எனக்குத் தெரியவேண்டும். பிறகு தெரிந்தால் எல்லாம் பிழையாய்ப் போகும்.

கல்யாணப் படத்தை மறக்கவேண்டாம்.

நிரோஷா


வெள்ளவத்தை
01.03.2025

நிரோஷாவுக்கு,

தயாபரன் எங்கள் மாடிக் குடியிருப்பின் செயலாளர். வயது எழுபத்தொன்று. லிஃப்ட் பழுதான நாட்களில் ஆறாம் மாடி வரை எல்லோருடைய பையையும் தூக்குவார், ஏனென்றால் லிஃப்டைத் திருத்தாமல் இழுத்தடிக்கிறதும் அவர்தான். அவருடைய மனைவி மாடியில் நின்று "மெல்ல, மெல்ல, இடுப்பு!" என்று கத்துவா. சுரேகாவுக்கு இதையும் சேர்த்துச் சொல்லு. அங்கே டோட்முண்டில் உங்களுக்குப் பொழுது போகட்டும்.

இப்போது என் கேள்வி. கையேட்டில் பன்னிரண்டு பக்கம் என்று முன்னட்டையில் போட்டிருக்கிறது. நீ அனுப்பியதில் பதினொன்று இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் நீச்சல் தடாகம். அடுத்தது எட்டாம் பக்கம், அதில் கப்பல் நேரங்கள். ஏழாம் பக்கம் எங்கே?

புதுக்கடையில் எனக்குச் சம்பளம் தருவதே இதற்குத்தான். எதிர்த்தரப்பு அனுப்புகிற கடதாசிக் கட்டில் எந்தப் பக்கம் இல்லையோ, வழக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். மொழி தெரியாவிட்டால் என்ன, எனக்கு எண்ணத் தெரியும். பொருளடக்கத்தில் ஏழுக்கு நேரே இருந்த சொற்களை எழுத்தெழுத்தாகத் தட்டிக் கணினியிடம் மொழிபெயர்க்கக் கேட்டேன். 'எங்கள் பணியாளர்கள்' என்கிறது.

தடாகத்தைக் காட்டுகிறாய், தயிரைக் காட்டுகிறாய், கத்தரிக்காயை நாலு விதமாகக் காட்டுகிறாய். பணியாளரை மட்டும் ஏன் மறைக்கிறாய்?

ஏழாம் பக்கம் வராமல் நான் விமானம் ஏறப்போவதில்லை. ஒன்பதாம் கூடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

திருமதி சு. லோகேஸ்வரன்


டோட்முண்ட்
08.03.2025

அண்ணி,

ஸ்கேன் பண்ணும்போது விட்டுப்போனது என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். உங்களுக்குப் பொய் எழுதினால் அடுத்த கடிதத்தில் பிடித்துவிடுவீர்கள்.

ஆனால் நானும் உங்கள் கடிதங்களை எடுத்துவைத்துத் திரும்ப வாசித்தேன். உங்களிடம் பழகியதுதான்.

பெப்ரவரி பதினாறாம் திகதி நீங்கள் எழுதியது: "ஏதன்ஸில் இருந்து ஐந்தரை மணித்தியாலம் கப்பலில்... காற்றடித்தால் அந்தக் கப்பலும் ஓடாத ஒரு இடத்தில்." நான் தீவின் பெயரை உங்களுக்குச் சொன்னது இருபத்திரண்டாம் திகதி. அதற்கு முதல் எழுதிய கடிதத்தில் 'ஒரு சின்னத் தீவு' என்று மட்டும்தான் இருக்கிறது. கிரேக்கத்தில் எத்தனை நூறு தீவுகள் இருக்கின்றன? நீங்கள் அனுப்பச்சொல்லி நான் அனுப்பிய கையேட்டின் எட்டாம் பக்கத்தைப் பாருங்கள். ஐந்தரை மணித்தியாலம். காற்று நாட்களில் கப்பல் இல்லை என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

உங்களுக்கு எப்படித் தெரியும்?

நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கிழவிக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டே இதைத்தான் யோசித்தேன். தொலைபேசி எடுத்தால் கத்திவிடுவேன் என்று எடுக்கவில்லை. அண்ணி, உங்களுக்கு என்னவோ தெரியும். அந்தச் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்காததற்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. நீங்கள் முதலில் சொல்லுங்கள். பிறகு ஏழாம் பக்கம் தருகிறேன்.

நிரோஷா


வெள்ளவத்தை
12.03.2025

நிரோஷா,

நல்லாய்ப் பழகிவிட்டாய். அது என் பிழை. கோபத்தில் எழுதும்போது கை வாயை மிஞ்சிவிட்டது.

நீ முதலில் சொல்லு, நான் முதலில் சொல்லமாட்டேன் என்று நின்றால் ஜூன் மாதம் இல்லை, அடுத்த ஜூனும் வந்துவிடும். புதுக்கடையில் இப்படி இரண்டு பக்கமும் நம்பாதபோது ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு கடதாசிக் கட்டையும் ஒரே நேரத்தில் மேசையில் வைப்பார்கள்.

வருகிற சனிக்கிழமை, பதினைந்தாம் திகதி. கொழும்பு நேரம் பின்னேரம் மூன்று மணிக்கு நீ ஏழாம் பக்கத்தை அனுப்பு. அதே மூன்று மணிக்கு என்னிடம் இருக்கிற கடதாசியை நான் அனுப்புகிறேன். என்னுடையதைப் பார்க்காமல் நீ எழுதவேண்டும், உன்னுடையதைப் பார்க்காமல் நான் எழுதுவேன்.

மூன்று மணி என்றால் மூன்று மணி. மூன்றேகால் இல்லை.

சு. லோ.


டோட்முண்ட்
15.03.2025

அண்ணி,

ஏழாம் பக்கத்தை இணைத்திருக்கிறேன். கதிரையில் இருந்துகொண்டு திறவுங்கள்.

கார்த்திகையில் சபினே இந்தக் கையேட்டைத் தேத்தண்ணி மேசையில் போட்டுவிட்டு, "இந்த மனிதன் சுடுகிற மீனைப்போல நான் எங்கும் சாப்பிடவில்லை. உன்னுடைய நாட்டுக்காரன் போலிருக்கிறான்" என்றாள். சலிப்போடுதான் எட்டிப் பார்த்தேன். படத்தில் ஆறு பேர் நிற்கிறார்கள். இடமிருந்து இரண்டாவது ஆள், தோளில் துவாய் போட்டிருக்கிறவர். தலை நரைத்திருக்கிறது, வயிறு வண்டி வைத்திருக்கிறது. ஆனால் அது எங்கள் அப்பாவின் மூக்கு. இடது கண்ணை மெல்லச் சுருக்குகிற பழக்கமும் அப்படியே இருக்கிறது. கீழே 'தலைமைச் சமையல்காரர் லூக்காஸ்' என்று போட்டிருக்கிறார்கள்.

லூக்காஸாம். அண்ணாதான், அண்ணி. அவர் சாகவில்லை.

மூன்று மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகுதான் விடுமுறைக் கதையைக் கட்டினேன். முன்கூட்டிச் சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள், அல்லது அவர் ஓடிவிடுவார் என்று பயந்தேன். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்கு உங்களைப் பட்டுச்சீலையோடு, பொட்டோடு, தாலியோடு அந்த விறாந்தையில் இருத்தவேண்டும். மீன் கொண்டுவந்து வைக்கச்சொல்லிச் சமையல்காரரைக் கூப்பிடவேண்டும். அவர் கோப்பையோடு வந்து நிற்கும்போது கல்யாணப் படத்தை மேசையில் வைக்கவேண்டும். அதற்குத்தான் படம் கேட்டேன். தயாபரனைப் பற்றிக் கேட்டதும் அதற்குத்தான். உங்களுக்கு வேறு வாழ்க்கை இருந்தால் இந்தக் காட்சிக்கு அர்த்தமில்லை என்று நினைத்தேன்.

சுயநலம்தான். உங்களுக்காக என்று சொன்னேன், எனக்காகவும்தான். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க மகன் இல்லாமல் பெரியம்மாவின் பேரனைத் தேடிப்பிடித்தோமே. அதைக் கேட்கவேண்டும் எனக்கு.

நிரோஷா


வெள்ளவத்தை
15.03.2025, பின்னேரம் 3.00

நிரோஷா,

இணைத்திருப்பது உன் அண்ணன் எனக்கு எழுதிய கடிதம். 2003 ஆனி மாதம் வந்தது. நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறிப்போனது அவருக்குத் தெரியாது, பழைய கொட்டாஞ்சேனை விலாசத்துக்கு எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுப் பேதுரு அண்ணர் அதை எடுத்துக்கொண்டு புதுக்கடைக்கே வந்து, "பிள்ளை, வெளிநாட்டுத் தபால். வீட்ட கொண்டு போகேல்ல, கிழவி பயந்துடும்" என்று தந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். ஒன்றும் கேட்கவில்லை.

எழுத்து மங்கியிருக்கிறது, அதனால் இங்கே தட்டியும் தருகிறேன்.

"சுகிர்தா, நான் உயிரோடு இருக்கிறேன். அந்தப் படகில் நான் ஏறவில்லை. பயந்துபோய்த் துறைமுகத்திலேயே நின்றுவிட்டேன். இங்கே ஒருத்தியோடு இருக்கிறேன், பிள்ளையும் பிறந்துவிட்டது. அம்மாவுக்குச் சொல்லாதே, அவ தாங்கமாட்டா. என்னைச் செத்தவன் என்று நினைத்துக்கொள். தேடி வர நினைக்காதே. ஏதன்ஸில் இருந்து கப்பலில் ஐந்தரை மணித்தியாலம், காற்றடித்தால் அதுவும் ஓடாது."

அவ்வளவுதான். 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி இல்லை. தேடி வராதே என்று எழுதிவிட்டு உறையின் பின்பக்கம் முழு விலாசத்தையும் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் பழக்கிய பழக்கம், விடவில்லை.

இருபத்திரண்டு வருடமாக இது என்னிடம் இருக்கிறது. உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது எத்தனையோ தரம் வாய் வரைக்கும் வந்தது. காணாமற்போன மகன் திரும்பி வரலாம். விட்டுவிட்டுப் போன மகன் வரமாட்டான். அவவுக்கு முதலாவதே இருக்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு வருடமும் அவருடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பா. ஐயர் தட்டை நீட்டும்போது நான் மனம் உறுத்தாமல் பூ வாங்கினேன். ஆள் உயிரோடுதானே இருந்தார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் என் கட்டிலும் ஒரு பக்கம் குறையும். காணாமற்போனவனின் மனைவிக்கு ஊர் இரங்கும். விட்டுட்டுப் போனவனின் மனைவியை மேலும் கீழும் பார்த்து, "அவளில என்ன பிழையோ" என்று கேட்கும். எனக்கு வயது இருபத்தொன்பது அப்போது. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது, நிரோஷா. இப்போதும்தான்.

இனிச் சத்தியக்கடதாசி. நாலாம் பந்தி என்ன சொல்கிறது? 'அன்று முதல் இன்றுவரை மேற்படி நபரைப் பற்றி நேரடியாகவோ பிறர் மூலமாகவோ எவ்விதத் தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை.' நீயும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நிற்க நான்தான் அதைத் தட்டினேன். தட்டும் வரைக்கும் கை ஓடியது. கையெழுத்துக்குப் பேனையை எடுத்தபோது ஓடவில்லை. நாளுக்குப் பத்துப் பேர் பொய்ச் சத்தியம் பண்ணுவதைப் பார்க்கிறவள் நான். அவர்களுக்குத் தட்டிக்கொடுக்கிறவளும் நான்தான். ஆனால் என் பெயருக்குக் கீழே அது வரக்கூடாது. வாயை மூடிக்கொண்டிருந்ததும் பொய்தான் என்று நீ சொல்லுவாய். ஓம், பொய்தான். ஆனால் சத்தியம் பண்ணவில்லை.

அம்மா போன பிறகு அந்த விலாசத்துக்கு ஒரே ஒரு கடிதம் போட்டேன். 'அம்மா செத்துவிட்டா. முப்பத்தோராம் நாள் கிரியைக்காவது வாருங்கள்.' பதிவுத் தபாலில், கிடைத்ததற்கு ஒப்பமிட்டுத் திருப்புகிற அட்டையோடு. அவருடைய கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்தது. அவர் வரவில்லை.

ஏழாம் பக்கத்தில் அவர்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இவ்வளவும் வீணாக எழுதினேன்.

சுகிர்தா


டோட்முண்ட்
16.03.2025

அண்ணி,

இந்தக் கடிதத்தை விடிந்ததில் இருந்து ஆறுதரம் தொடங்கிவிட்டேன்.

நான் உங்களைச் சந்தேகித்தேன். நீங்கள் என்னைச் சந்தேகித்தீர்கள். ஒன்பது வருடம் கதைக்காமல் இருந்தோம். சந்தேகிக்கவேண்டியவன் அங்கே மீன் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

படகில் ஏறவில்லையாம். நாங்கள் அவனுக்காக எத்தனை வருடம் செய்தியில் கவிழ்கிற படகுகளின் பெயர்ப் பட்டியலைத் தேடினோம்! கையெழுத்து வைத்து வாங்கினானாம், அம்மா செத்த கடிதத்தை. கையெழுத்து வைத்தானாம்.

முந்தி உங்களை அழைத்துப்போக நினைத்தேன். இப்போது நான் போயே ஆகவேண்டும். விடுதியை இந்த மாத முடிவுக்குள் உறுதிப்படுத்தவேண்டும். நீங்கள் பட்டுச்சீலை கட்டவும் வேண்டாம், வாய் திறக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும், நான் கதைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் முன்னால் கதைக்கிறேன். வருவீர்களா?

நிரோஷா


வெள்ளவத்தை
22.03.2025

நிரோஷா,

ஏழாம் பக்கத்தைச் சனிக்கிழமையே அச்செடுத்தேன். தேத்தண்ணி வைக்கத் தெரியாத மனிதர் தலைமைச் சமையல்காரராம். சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு ஒரு மணித்தியாலம் அழுதேன். பிறகு பசித்தது, இடியப்பம் வாங்கிவரப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை.

திங்கட்கிழமை அவருடைய கடிதம், ஒப்ப அட்டை, ஏழாம் பக்கம் மூன்றையும் சட்டத்தரணி சப்ரி சேரின் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுகிர்தா, இருவத்தஞ்சு வருஷம் என்ட ஒபீஸ்லயே இருந்துட்டு எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லயே."

"நீங்கள் கேக்கேல்லயே சேர்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"டிவோஸ் சேர். கெடுநோக்கோட கைவிட்டுப் போனது. நானே தட்டிட்டன். நீங்கள் பாத்து ஒப்பம் வச்சாச் சரி."

முழுவதையும் வாசித்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. 'லோகேஸ்வரன் எனப்படும் லூக்காஸ், பிரதிவாதி' என்று தட்டியிருந்தேன். அந்த இரண்டாம் பெயரைத் தந்தது நீதான். வீட்டு விலாசம் என்னிடம் இருந்தது, வேலை செய்கிற இடத்தை உன் ஏழாம் பக்கம் தந்தது. இரண்டுக்கும் நீதிமன்றத்தில் இருந்து அழைப்பாணை போகும். மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, ஒழுங்காகப் போகும். அதற்கும் கையெழுத்து வைத்து எடுக்கட்டும். நல்லாய் வைப்பார், பழக்கம் இருக்கிறது.

ஆகவே நீ நக்சோஸை இரத்துச்செய். நான் ஏன் ஐந்தரை மணித்தியாலம் கப்பலில் போய் அவருக்கு முன்னால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும்? அந்தப் பெண்ணுக்கும் என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ, அவளும் நானும் ஒரே கடதாசியில் ஏமாந்தவர்களாக இருக்கலாம். உனக்குக் கேட்கவேண்டியது இருந்தால் பிறகு தனியாகப் போய்க் கேள், நான் மறிக்கமாட்டேன். அவர் உன் அண்ணன். அம்மாவின் கொள்ளிக் கணக்கு உங்கள் இருவருக்கும் இடையில்.

தாலி இல்லை, நிரோஷா. ஒப்ப அட்டை திரும்பி வந்த அன்றைக்கே கழற்றி அவருடைய கடித உறைக்குள் போட்டுவிட்டேன். அடுத்தநாள் வேலைக்குப் போனேன், ஒருவரும் கவனிக்கவில்லை. பொட்டு வைத்திருக்கிறேன். அது நான் பிறந்ததில் இருந்து வைக்கிறது, அவர் தந்தது இல்லை.

ஆனால் கிரேக்கம் இருக்கட்டும். வேறு தீவு பார். எங்கே என்றாலும் பரவாயில்லை, ஏழாம் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆள் இல்லாத விடுதியாக இருக்கவேண்டும். முழுக் கையேட்டையும் அனுப்பு, பக்கங்களை எண்ணித்தான் பார்ப்பேன். வெள்ளவத்தைக் கடலில் எனக்கு இளைப்பாற வராது, இருபது வருடத்துக்கு மேல் ஒருவரை எதிர்பார்க்கிற ஆளுக்குக் குடை பிடித்த இடம் அது. ஒருவரையும் எதிர்பார்க்காமல் ஒரு கடலைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்தக் கத்தரிக்காயும் எல்லாத் தீவிலும் கிடைக்கும்தானே?

அண்ணி என்று எழுதுவதை நீ விடவேண்டாம். வழக்கில் அதற்கு எதிராக நான் ஒன்றும் கேட்கவில்லை.

வட்சப்பில் உன்னைத் திறந்துவிட்டேன். ஆனாலும் முக்கியமானவற்றை எழுத்தில் அனுப்பு.

இன்று காலை படிவத்தை எடுத்துக்கொண்டு றொசானாவிடம் போனேன். ஒன்பதாம் கூட்டில் 'பிரிந்து வாழ்பவர்' என்று ஒன்று இருக்கிறது. முதல்நாளே கண்டேன், தாண்டிவிட்டேன். பேனையை வாங்கி அதில் நானே அடையாளம் போட்டேன்.

"இவ்வளவுதானே அன்ரி? இதுக்கா ஒரு மாசம் எடுத்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை, கொஞ்சம் பிந்திப்போச்சு" என்றேன்.

சுகிர்தமலர்